இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டீசல் பிக்கப் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் என்னுடைய இரண்டு பிக்கப்கள் லோடு ஏற்றுகின்றன. இரண்டுமே கை மாறி வந்தவை, வாங்கும்போதே இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியவை. அதனால் வண்டி வாங்க நினைக்கிறவர்கள் டீக்கடையில் என்னைப் பார்த்தால் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பெரும்பாலும் நகையை அடகு வைத்து வாங்குகிறவர்கள். தப்பான வண்டி ஒன்று அமைந்துவிட்டால் ஒரு குடும்பம் மீண்டு வர இரண்டு வருடம் ஆகும். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். மகிந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா ஏஸ் போன்ற மஞ்சள் போர்டு டீசல் வண்டிகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ரெண்டு லட்சம் ஓடின வண்டியை வாங்கலாமாண்ணா?

வாங்கலாம். ஆயிலை நேரத்துக்கு மாற்றி, அளவோடு லோடு ஏற்றியிருந்தால் மூன்று லட்சம் தாண்டியும் இன்ஜின் ஹெட்டைக் கழற்றாமல் ஓடும் பிக்கப்களை எங்கள் மார்க்கெட்டிலேயே காட்ட முடியும். ஒன்றரை லட்சத்தில் இன்ஜின் இறக்கிய வண்டிகளும் அதே வரிசையில் நிற்கின்றன. என்ன ஏற்றினார்கள், யார் ஓட்டினார்கள், எந்த ரோட்டில் ஓடியது என்று தெரிந்தால்தான் கிலோமீட்டருக்கே அர்த்தம் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பைபாஸில் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு லட்சம் ஓடிய வண்டியின் இன்ஜின் 5,000 மணி நேரம் வேலை செய்திருக்கிறது. ஊருக்குள் கடை கடையாக நின்று நின்று, மணிக்கு 15 கிலோமீட்டர் சராசரியில் ஒரு லட்சம் ஓடிய வண்டியின் இன்ஜின் 6,600 மணி நேரத்துக்கு மேல் சுற்றியிருக்கிறது. கிளட்ச், பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார் பட்ட பாடு தனி. இந்த இரண்டில் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

ஏழு வருஷ வண்டி, மீட்டர் எண்பதாயிரம்தான் காட்டுது. நம்பலாமா?

சரக்கு வண்டி நின்றால் ஓனருக்கு நஷ்டம். ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்று வைத்தாலே வருடத்துக்கு 30,000 வந்துவிடும். ஏழு வருடத்தில் 80,000 என்றால் வண்டி ரொம்ப நாள் நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் மீட்டரில் கை வைத்திருக்க வேண்டும். நின்றது என்று சொன்னால் எங்கே, எதற்காக நின்றது என்று கேளுங்கள்.

கிளட்ச் பெடல் ரப்பரைப் பாருங்கள். வரிகள் அழிந்து வழுவழுவென்று இருந்தாலும், பழைய பெடலில் புத்தம்புது ரப்பர் போட்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். கியர் குமிழ், ஸ்டீயரிங்கில் கை படும் இடம், டிரைவர் சீட்டின் வலது ஓரம் எல்லாம் ஓட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரானது. அதை வைத்து இது எத்தனையாவது செட் டயர் என்று கேளுங்கள். கம்பெனி சர்வீஸ் விட்ட வண்டியாக இருந்தால் ஓனரையும் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய், சேஸ் நம்பரைச் சொல்லிப் பழைய பில்களைக் கேட்கலாம். ஒவ்வொரு பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் இருக்கும்.

மீட்டரைத் திருத்தியது உறுதியானால் நான் அந்த வண்டியை விட்டுவிடுவேன். அதில் பொய் சொன்னவர் ஆயில் மாற்றினேன் என்று சொல்வதை எப்படி நம்புவது?

என்ன லோடு அடிச்ச வண்டின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேட்டா எல்லாரும் காய்கறின்னுதான் சொல்றாங்க.

வாயால் கேட்காதீர்கள், பாடியைப் பாருங்கள். செங்கல், ஜல்லி, எம்-சாண்ட் அடித்த வண்டியில் தளத் தகடு குழி குழியாக இருக்கும். பின்பக்க ஸ்பிரிங்கில் கம்பெனி வைத்ததைவிட ஒன்றிரண்டு பட்டை கூடுதலாகச் சொருகியிருப்பார்கள். பின் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்ஸில் ஹவுசிங் வளைந்திருக்கலாம். கோழி ஏற்றிய வண்டியில் எச்சம் தகட்டை அரித்திருக்கும். கூரியர், ரொட்டி, பிளாஸ்டிக் சாமான் மாதிரி இடத்தை அடைத்தாலும் எடை இல்லாத லோடு ஓடிய வண்டி கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

மிகவும் பயப்பட வேண்டியது மீன் லோடு. என் முதல் வண்டியைப் பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் வாங்கினேன். சிங்கிள் ஓனர், காய்கறி மட்டும்தான் ஏற்றினார்கள் என்றார்கள். அடியில் பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது மாதம் ஒரு டன் தக்காளியோடு பழனி ரோட்டில் போகும்போது பின்பக்கம் சடாரென்று சாய்ந்தது. ஸ்பிரிங்கைப் பிடிக்கும் பிராக்கெட் சேஸிலிருந்து பிய்ந்து வந்துவிட்டது. மெக்கானிக் அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. துரு காய்ந்த வாழைச் சருகு மாதிரி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஐஸும் உப்புத் தண்ணீரும் வருடக்கணக்கில் வழிந்து சேஸ் உள்ளுக்குள் செத்திருந்தது. கடற்கரைப் பக்கம் மீன் ஓடிய வண்டி என்று பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து அடியில் புதுப் பெயின்ட் அடித்த வண்டியென்றால் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். சேஸின் பின்பாதியை மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் மந்தமாகக் கேட்கும். பிரேக் பைப்பையும் வயரிங் முனைகளையும் பாருங்கள். செம்பில் பச்சை பூத்திருந்தால் உப்பு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கேபினுக்குப் பின்னால் சேஸில் வெல்டிங் தழும்பு இருந்தால் விலை பேசக்கூட வேண்டாம்.

மெக்கானிக் இல்லாம இன்ஜினை நானே பார்க்க முடியுமா?

பாதி பார்க்கலாம். காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் போய்விடுங்கள். போனதும் பானட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். டீசல் இன்ஜினின் நோய் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் தெரியும், சூடாகிவிட்டால் பல குறைகள் மறைந்துகொள்ளும். ஆற விட்டு மறுநாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

குளிர்ந்திருந்தால் முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டியில் உள்ளே செந்நிறத் துரு தெரியும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஸ்டார்ட் செய்த பிறகு விடாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து டிப்ஸ்டிக். ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் அடித்தால் டீசல் கசிந்து ஆயிலில் கலக்கிறது.

ஸ்டார்ட் ஆன பிறகு, ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, திருப்பி அந்த ஓட்டையின் மேல் சும்மா வையுங்கள். மெதுவாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தாலோ ரயில் எஞ்சின் மாதிரி குப்குப்பென்று புகை வந்தாலோ சிலிண்டருக்குள் இருக்கும் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. மீதிப் பாதிக்கு, அதாவது இன்ஜெக்டர் ரிட்டர்ன், டர்போ, ஸ்கேனர் இதற்கெல்லாம், நீங்களே ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். விற்கிறவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

ஆயில் கரி மாதிரி கறுப்பா இருக்கே, இன்ஜின் போச்சா?

இல்லை. டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும், அது இயல்பு. பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது.

லேசா புகை வருது. ஓட்ட ஓட்டச் சரியாயிடும்னு சொல்றாங்களே?

நிறத்தைப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் கறுப்பு வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பாகவோ இன்ஜெக்டர் கோளாறாகவோ டர்போ ஹோஸ் கிழிசலாகவோ இருக்கும். செலவு தெரிந்தால் அதைக் கழித்து விலை பேசலாம். காலையில் கொஞ்சம் வெள்ளையாக வந்து உடனே நின்றுவிட்டால் பெரிய விஷயமில்லை. சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால் முன்பு சொன்ன ரேடியேட்டர் குமிழியைத் திரும்பப் பாருங்கள்.

நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் தின்கிறது. அது ஓட்ட ஓட்ட அதிகமாகுமே தவிரச் சரியாகாது.

பிக்கப்பா, தோஸ்த்தா, குட்டி யானையா?

உங்கள் லோடு என்ன எடை என்பதைப் பொறுத்தது. 2005-இல் வந்த டாடா ஏஸின், அதாவது குட்டி யானையின், டீசல் இன்ஜின் இரண்டு சிலிண்டர், 702 சிசி. ஊருக்குள் தண்ணீர் கேன், காஸ் சிலிண்டர், வீட்டுச் சாமான் ஏற்றுவதற்குச் செய்த வண்டி. அதில் ஒன்றரை டன் ஏற்றி மேட்டில் திணறடித்தவர்கள் நிறையப் பேர். அதனால் ஓட்டம் கூடிய குட்டி யானையில் இன்ஜினை ரொம்ப உன்னிப்பாகப் பார்ப்பேன்.

2011-இல் ஓசூரிலிருந்து வந்த தோஸ்த் மூன்று சிலிண்டர், ஒன்றேகால் டன் வண்டி. பொலேரோ பிக்கப் நான்கு சிலிண்டர், 2,523 சிசி. தாங்கும், எந்த ஊரிலும் பார்க்கத் தெரிந்த ஆள் உண்டு, பழைய கடையிலும் சாமான் கிடைக்கும். ஓட்டம் கூடிய வண்டிக்கு இது பெரிய பலம். ராத்திரி இரண்டு மணிக்கு வழியில் நின்றால் அந்த ஊர் மெக்கானிக்குக் கை பழகிய வண்டியாக இருக்க வேண்டும்.

பிஎஸ் ஃபோர் எடுக்கலாமா, பிஎஸ் சிக்ஸ் எடுக்கலாமா?

பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த வரம்பு. நாடு முழுக்க பிஎஸ்4 2017 ஏப்ரலிலும் பிஎஸ்6 2020 ஏப்ரலிலும் கட்டாயமாயின. பிஎஸ்6 டீசலில் புகையைச் சுத்தப்படுத்தும் பாகங்கள் அதிகம். கரியைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ள வண்டி ஊருக்குள்ளேயே சுற்றினால் அந்தக் கரி எரிந்து தீர நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். பைபாஸ் ஓட்டமென்றால் தொல்லை குறைவு. சாவியைப் போட்டதும் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைகின்றனவா என்று கவனியுங்கள். ஒரு விளக்கு எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றி வைத்திருக்கலாம். வடிகட்டியை வெட்டி எடுத்த வண்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள், நாளைக்கு எஃப்சி என்கிற தகுதிச் சான்று எடுக்கும்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

சின்ன ஊர், குறைந்த முதல், தெரிந்த மெக்கானிக் என்றால் நல்ல பிஎஸ்4 எனக்கு வசதியாகப் படுகிறது. ஆனால் வயதைக் கணக்கில் வையுங்கள். கடைசி பிஎஸ்4 வண்டிகளே 2020 தொடக்கத்தில் பதிவானவை.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்?

தெருமுனை வரை போய்த் திரும்புவது ஓட்டிப் பார்ப்பதாகாது. முக்கால் மணி நேரமாவது, ஒரு மேடும் ஒரு கரடுமுரடான ரோடும் வருகிற மாதிரி ஓட்டுங்கள். முடிந்தால் அரை டன்னாவது ஏற்றிக்கொள்ளுங்கள், ஏற்றுக்கூலியோடு டீசலுக்கும் நீங்களே காசு கொடுங்கள். காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு முனகல், விடும்போது வேறு முனகல் பின்னாலிருந்து கேட்டால் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரங்கள் தேய்ந்திருக்கின்றன. கிளம்பும்போது டக் என்று அடித்தால் பெரும்பாலும் புரொப்பல்லர் ஷாஃப்டின் இணைப்பான கிராஸ், அது சின்னச் செலவு. கிளட்ச் பார்க்க, வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை விடுங்கள். உடனே இன்ஜின் ஆஃப் ஆக வேண்டும். ஆஃப் ஆகாமல் இழுத்துக்கொண்டிருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது.

இன்ஜின் வேலை முடிச்ச வண்டின்னு கூட விலை சொல்றாங்க. அது நல்லதா கெட்டதா?

பில் இருந்தால் நல்லது. எந்தப் பட்டறை, எத்தனை கிலோமீட்டரில் பார்த்தது, லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் என்ன கம்பெனி என்று பில்லில் இருக்க வேண்டும். அந்தப் பட்டறைக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரிங் மட்டும் மாற்றி, பெயின்ட் அடித்து, “புது இன்ஜின்” என்று விற்பதும் நடக்கிறது. முன்பு சொன்ன புகைச் சோதனையும் ஆயில் மூடிச் சோதனையும் இங்கேயும் பொருந்தும்.

வேறு வண்டியின் இன்ஜினையே தூக்கி வைத்திருந்தால் நம்பர் மாறியிருக்கும். இன்ஜினில் குத்திய நம்பரும் ஆர்சியில் உள்ள நம்பரும் ஒன்றாக இல்லையென்றால் விற்கிறவர் ஆர்டிஓவில் திருத்தி வாங்கித் தரட்டும். அதற்குப் பிறகு பேசலாம்.

எஃப்சி போன வாரம்தான் முடிச்சிருக்கு. அப்ப வண்டி நல்லாத்தானே இருக்கும்?

பிரேக், லைட், ஹாரன், புகை, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் அன்றைக்குச் சரியாக இருந்தன என்று மட்டும்தான் அதற்குப் பொருள். லைனர் தேய்மானத்தையோ கிரவுன் முனகலையோ எஃப்சியில் யாரும் பார்ப்பதில்லை. இருந்தாலும் எஃப்சி காசு மிச்சம்தான். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடம் ஒருமுறை எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டிங்கரிங், பெயின்டிங், கட்டணம் என்று கை கடிக்கும். வயது கூடிய வணிக வண்டிக்குக் கட்டணமே பல மடங்கு. பதினான்கு வயது வண்டி மலிவாக இருப்பதன் காரணம் இதுதான்.

ஆர்சி புக் ஒரிஜினல் இருக்கு, போதாதா?

போதாது. பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்சி, இன்சூரன்ஸ், வரி, புகைச் சான்று எந்தத் தேதி வரை இருக்கின்றன, ஹெச்பி, அதாவது ஃபைனான்ஸ் கடன் பதிவு, இருக்கிறதா, இ-சலான் பாக்கி எவ்வளவு என்று பாருங்கள். சேஸில் குத்திய எண்ணை உங்கள் கண்ணால் படித்து ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் உரசியிருந்தால் திரும்பிவிடுங்கள்.

படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்சியில் உள்ளவரே உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தகவல் தர வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குப் போக வேண்டும், இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். “ஓப்பன் கையெழுத்து வாங்கி வைங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்று புரோக்கர் சொன்னால் கேட்காதீர்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் பதிவில் உள்ள ஓனர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதை விற்கிறவரிடம் எடுத்துச் சொல்லுங்கள், அவரே ஆர்டிஓவுக்கு முதலில் வந்து நிற்பார்.

பெர்மிட், பேட்ஜ் எல்லாம் வேணுமா?

ஆர்சியில் மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை, தாண்டினால் தேவை. ஒரே மாடலில் இரண்டு வகையும் உண்டு, அதனால் ஆர்சியைப் படித்துப் பாருங்கள். பேட்ஜ் என்பது சரக்கு வண்டி ஓட்ட லைசென்ஸில் தனியாக வாங்கும் அனுமதி. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை அது இல்லாமல் எல்எம்வி (இலகுரக வண்டி) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

ஃபைனான்ஸ்காரங்க சீஸ் பண்ணின வண்டி மலிவா வருது. எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் தவணை கட்ட முடியாமல் திணறியவர் ஆயில் மாற்றவும் காசில்லாமல்தான் இருந்திருப்பார். அந்தக் கண்ணோடு பாருங்கள். யார்டில் மாதக்கணக்கில் நின்றதால் பேட்டரி, டயர், டேங்கில் உள்ள டீசல் எதையும் நம்ப முடியாது. பெரும்பாலும் ஓட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள். காகிதத்தில் படிவம் 35-உம் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கைக்கு வந்தால்தான் ஹெச்பி கேன்சல் ஆகும். அவை வராமல் முழுப் பணம் கொடுக்கக் கூடாது.

கேரளா வண்டி, பாண்டி வண்டி அம்பதாயிரம் கம்மியா இருக்கே?

அந்த ஊர் ஆர்டிஓவிடம் படிவம் 28-இல் என்ஓசி வாங்கி, இங்கே வரி கட்டி, புது நம்பர் வாங்கும் வரை ஆகும் செலவையும், வண்டி நிற்கும் நாட்களின் வாடகை நஷ்டத்தையும் கூட்டுங்கள். மிச்சம் பெரிதாக இருக்காது. கடற்கரை ஊர் வண்டி என்றால் சுத்தியலை மறக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை, தூத்துக்குடி வண்டிகளும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சீட்டைக் கழற்றி அடியில் போல்ட் துருவையும் சேற்றுக் கோட்டையும் பாருங்கள்.

பன்னெண்டு சதவீத வட்டிதான்னு சொல்றாங்க, நியாயமா?

முழு அசலுக்கும் கடைசி வரை வட்டி போடும் ஃப்ளாட்டா, குறையும் பாக்கிக்கா என்று கேளுங்கள். மூன்று லட்சத்துக்கு மூன்று வருடம், ஃப்ளாட் 12 சதவீதம் என்றால் வட்டி 1,08,000, மாதத் தவணை 11,333. நீங்கள் மாதாமாதம் அசலையும் அடைத்துக்கொண்டே வருவதால் உண்மையில் அது வருடம் 21 சதவீதத்தைத் தொடுகிறது. வாடகை இல்லாத ஆடி மாதத்திலும் அந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். வாங்கும் விலை போக, முதல் மூன்று மாத ரிப்பேருக்கென்று தனியாக ஒரு தொகை கையில் இல்லையென்றால் விலை குறைந்த வேறு வண்டியைப் பாருங்கள்.

ஆர்சியில இருக்கிறவர் இறந்துட்டார், அவர் மகன் விக்கிறார். எப்படி வாங்குறது?

முதலில் மகன் பெயருக்கு மாற வேண்டும். படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் இதெல்லாம் அவருடைய வேலை. மாறிய பிறகு அவரிடமிருந்து உங்கள் பெயருக்கு. தங்கையும் அம்மாவும் கையெழுத்துப் போடவில்லை என்று ஒரு வருடம் வண்டியை நிறுத்தி வைத்திருந்தவர் எங்கள் மார்க்கெட்டில் உண்டு. அட்வான்ஸ் கூட அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான்.

வாங்கியாச்சு அண்ணா. முதல்ல என்ன செய்யணும்?

லோடு ஏற்றாதீர்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழைய ஓனர் போன மாதம்தான் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள். கியர் பாக்ஸ், ஹவுசிங் ஆயிலையும் இறக்கி, வடியும் ஆயிலில் இரும்புத் தூள் மினுங்குகிறதா என்று ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். ரேடியேட்டரைக் கழுவி கூலன்ட் ஊற்றுங்கள். பிரேக் டிரம்மைத் திறந்து லைனிங் பாருங்கள். ஃபேன் பெல்ட் புதிதாகப் போட்டு, பழையது நன்றாக இருந்தால் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் அன்றைய தேதி, கிலோமீட்டர், மாற்றிய சாமான், செலவு எல்லாவற்றையும் எழுதுங்கள். என் இரண்டாவது வண்டியை அப்படி ஒரு நோட்டைப் பார்த்துத்தான் வாங்கினேன். முந்தைய ஓனர் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தையும் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். 2,14,000-இல் வாங்கிய வண்டி, இன்று காலையும் தக்காளி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது.